இடது இன்ஜினின் அந்தப் பக்கம்

பிப்ரவரி 9

பெருமதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், எதுவானாலும் இனி எழுத்தில்தான் என்று நீ போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன். நாம் கத்துவதால் உன் தங்கை வீட்டுக்காரருக்குப் படபடப்பு வருகிறதாமே. டி.வி. ரிமோட்டைவிடக் கனமான எதையும் தூக்கி அறியாத மனிதர். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். படகின் இரண்டு இன்ஜின்களையும் வெளியே எடுத்துவிட்டு, அவற்றில் பாதி அளவில் இரண்டு புது இன்ஜின் போடப் போகிறேன். படகில் பாதி உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். காகிதம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் போட்டு அனுப்பு.

காரணம் கேட்பாய். கேட்காமல் இருந்தால் அது நீயாக இருக்காது. நம் படகு மீன்பிடிப் படகின் உடம்பை வைத்துக்கொண்டு மேலே வீடு கட்டிய வகை. எவ்வளவு விரட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் ஓடாது. இதற்குப் போய் லாரி இழுக்கிற மாதிரி இரண்டு இன்ஜின் வைத்தவன் யாரோ ஒரு பந்தா பேர்வழி. பாதி வேகத்தில் ஓட்டி ஓட்டி உள்ளே கரி பிடித்துக் கிடக்கிறது. கிளப்பினால் கருப்பாகக் கக்குகிறது. பக்கத்துப் பாய்மரப் படகுக்காரர் துணி காயப்போட்டிருந்தால் அவ்வளவுதான், காலையிலேயே சண்டை. சின்ன இன்ஜின் என்றால் எண்ணெய் மிச்சம், எடை மிச்சம், நிம்மதி மிச்சம். வீட்டை விற்று இதை வாங்கியது தீவு தீவாகச் சுற்றத்தானே. அதற்கு இதுதான் வழி.

கையெழுத்தை மட்டும் அனுப்பு. அறிவுரை தேவைப்பட்டால் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகிலேயே கிடப்பவன்

*

பிப்ரவரி 17

படகு முதலாளி அவர்களுக்கு,

கையெழுத்து இல்லை. அறிவுரைதான் இருக்கிறது. இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டச் சொல்லிக்கொடுத்தவள். நீங்கள் துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவர். அந்த மை இன்னும் விரலில் இருக்கிறது. நீங்கள் எனக்கு இன்ஜினைப் பற்றிப் பாடம் எடுப்பதைப் படித்துவிட்டு என் தங்கைக்கும் படித்துக் காட்டினேன். இந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லோரும் சிரித்தோம். அவள் வீட்டுக்காரர்கூட ரிமோட்டைக் கீழே வைத்தார்.

எண்ணெய் மிச்சமாக வேண்டுமா? வேகப்பிடியைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். அவ்வளவுதான் வைத்தியம். பெரிய இன்ஜினை மெதுவாக ஓட்டினால் சின்ன இன்ஜினைவிடக் கொஞ்சம்தான் கூடக் குடிக்கும். அந்தக் கொஞ்சத்தைச் சேர்த்துச் சேர்த்துப் புது இன்ஜின் விலையை எடுக்க நாம் இன்னொரு பிறவி எடுத்து வந்து இதே படகை ஓட்ட வேண்டும். உங்களோடு இந்த ஒரு பிறவியே எனக்கு ஏராளம்.

உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியாதா? பின்னால் அலை எழும்பி நுரை தள்ளுவதைத் திரும்பிப் பார்த்தால்தான் உங்களுக்குப் படகு ஓடுகிற மாதிரி இருக்கும். சின்னப் பையன்கள்தான் சைக்கிளில் அப்படித் திரும்பிப் பார்ப்பார்கள்.

கரியா? தினமும் கொஞ்ச நேரம் நன்றாக விரட்டி ஓட்டினால் கரி தானாகப் போய்விடும். ஆனால் அதற்குக் கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டுமே. அங்கேதான் உங்களுக்குக் கை வரமாட்டேன் என்கிறது. போன பருவத்தில் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தோம். அன்று கட்டியதுதான். கேட்டால் பேட்டரி மாற்ற வேண்டும் என்றீர்கள். மாற்றினோம். கழிவறைக் குழாய் என்றீர்கள். மாற்றினோம். ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க வேண்டும் என்றீர்கள். கடலுக்குள் யார் நம்மை எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காமல் அதையும் தைத்துக் கொடுத்தேன். இப்போது இன்ஜின். அடுத்து என்ன, கடல் உப்பாக இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டுமா?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பூட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்ஜின் அறை மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு என்ன சொன்னீர்கள்? "உனக்கு வயசாயிடுச்சு, இனிமே நீ உள்ள போகாத." என்னைவிட நான்கு வயது மூத்தவர் சொல்கிறீர்கள். பாதிக் கடலில் இடது இன்ஜின் சூடேறியபோது உள்ளே போய்ச் சரி செய்தது யார்? உங்கள் ரப்பர் ஸ்டாம்பா?

பூட்டை எடுங்கள், கயிற்றை அவிழுங்கள். அன்றைக்கு வருகிறேன். அதுவரை இங்கேதான்.

இப்படிக்கு,
வயசானவள்

*

பிப்ரவரி 24

வயதாகாத அம்மையாருக்கு,

உன் கடிதத்தைப் பாய்மரக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். இரண்டு பக்கமும் சிரித்தாகிவிட்டது, கணக்குச் சரி.

ஊர் உலகத்துக்கெல்லாம் பாடம் எடுத்த மெக்கானிக் அம்மா, படகு லேசாக ஆடினாலே வாளியைத் தேடுகிறவள் என்பதையும் உன் தங்கையிடம் சொன்னாயா? முதல் பயணத்தில் துறைமுக வாசலைத் தாண்டும் முன்பே என் செருப்பில் வாந்தி எடுத்ததைச் சொன்னாயா? நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு செருப்பு கேட்கவில்லை.

இன்ஜின் விஷயத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன். விற்பனைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிற ஆள். "சார், போட் எவ்வளவு பழசு" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "மேடம் வரலையா" என்று கேட்டுவிட்டும் சிரிக்கிறார். எனக்கே ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. ஆனால் அவர் காட்டிய இன்ஜின் நன்றாக இருக்கிறது. படத்தை இத்துடன் அனுப்புகிறேன். குட்டை, ஒல்லி. இரண்டையும் வைத்த பிறகும் நாலு பக்கமும் ஆள் போக இடம் இருக்கும். இப்போது மாதிரி இடது இன்ஜினுக்கு அந்தப் பக்கம் போக எலியாகப் பிறக்க வேண்டியதில்லை. நானே உள்ளே போவேன், நானே தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சக்கரத்தை மாற்றுவேன், நானே எல்லாம் பார்த்துக்கொள்வேன். யார் தயவும் எனக்கு வேண்டாம்.

பூட்டு இருக்கும். அதைப் பற்றி இனி எழுதாதே. இன்ஜினைத் தூக்கும் கிரேன் மார்ச் நடுவில்தான் கிடைக்கும், விட்டால் மழைக்காலம் முடியும் வரை இல்லை என்கிறார் பட்டறைக்காரர். கையெழுத்தை அனுப்பு.

*

மார்ச் 4

ஐயா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். மோசமில்லை. யார் செய்ததோ, யோசித்துச் செய்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை அல்ல. உங்கள் கடிதத்தில் மூன்று முறை "நானே" என்று வருகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்கள் படித்தால் புரியாது. எனக்குப் புரியும். இடது இன்ஜினுக்கும் பக்கத்து டீசல் டேங்குக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நுழைய இந்தப் படகில் ஓர் ஆளால்தான் முடியும். கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கிற பம்ப் அந்தச் சந்துக்குள் இருக்கிறது. அதன் ரப்பர் சக்கரம் தேய்ந்தால் மாற்ற ஒல்லியான கை வேண்டும். அந்தக் கை என்னுடையது. படகு வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். நான் இல்லாமல் நீங்கள் துறைமுகத்தைத் தாண்ட முடியாது. அதுதான் உங்களை இத்தனை மாதமும் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

எண்ணெய் மிச்சமாம், கரியாம், பாய்மரக்காரர் துணியாம். என் காதில் பூ சுற்றப் பார்த்தீர்கள். நான் வேண்டாத படகு ஒன்று உங்களுக்கு வேண்டும். அதை ஒரே வரியில் எழுதியிருந்தால் இரண்டு தபால்தலை மிச்சமாகியிருக்கும். முதலில் பூட்டுப் போட்டு வெளியே நிறுத்தினீர்கள். இப்போது உள்ளே இருந்த வேலையையும் எடுத்துவிடுகிறீர்கள். ரப்பர் ஸ்டாம்ப் குத்திய மூளைக்கு இது கொஞ்சம் நுணுக்கமான திட்டம்தான். யார் சொல்லிக்கொடுத்தது, அந்தப் பல்லிளிப்பா?

வலிக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது, வலிக்கிறது. இந்த வீட்டில் எனக்கு ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள். அது அசைவதே இல்லை. தூக்கம் வரவில்லை. இப்படி ஒரு மனிதரோடு இத்தனை காலம் குடித்தனம் செய்திருக்கிறோமே என்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட்ட காகிதம் உள்ளே இருக்கிறது. சின்ன இன்ஜின் போடுங்கள், சுற்றிச் சுற்றி நடங்கள், கை வீசி நடங்கள். தீவுகளுக்குத் தனியாகப் போய் வாருங்கள். என் பாதியை வாங்க ஆள் பாருங்கள். அந்தப் பாய்மரக்காரரையே கேளுங்கள், சிரிக்கத் தெரிந்த மனிதர்.

*

மார்ச் 19

கையெழுத்துக்கு நன்றி.

இரண்டு இன்ஜின்களும் வெளியே வந்துவிட்டன. நடுக்கூடத்துத் தரையை அறுத்து, மேல் தளத்தையும் திறந்து, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். இப்போது கரையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பாரம் போனதும் படகு தண்ணீரில் ஒரு சாண் எழும்பிவிட்டது. பாசி படிந்த கோடு வெளியே தெரிகிறது. பார்க்க நன்றாக இல்லை. கரைக்குப் போடும் பலகைகூட இப்போது செங்குத்தாக நிற்கிறது. ஏறி இறங்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீ சொன்னது எதுவும் நடக்கவில்லை. எல்லாம் சரியாகப் போகிறது. உன் பாதியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

*

மார்ச் 21

நேற்று முன்தினம் எழுதியதில் ஒன்று பொய். எல்லாம் சரியாகப் போகவில்லை. நீ பதில் எழுதி என்னைக் கிழிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறதாம். புது இன்ஜின் வருவதற்கு முன்னால் அதே அளவில் பலகையில் ஒரு கூடு அடித்து உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். நேற்று வைத்தார்கள். பல்லிளிப்பும் வந்திருந்தார். "சார், இப்ப நீங்க தாராளமா சுத்தி வரலாம், பாருங்க" என்றார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

உனக்குத் தெரியும், அந்தப் பக்கம் போக முன்னால் வளைந்துதான் போக வேண்டும். மேல் தளத்தைத் தாங்குகிற இரும்புத் தூண் அங்கே நிற்கிறது, பக்கத்தில் டேங்கின் மூலை. அந்த இடைவெளிக்கும் இன்ஜினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரிய இன்ஜின் இருந்தாலும் அதே அளவுதான், சின்னது இருந்தாலும் அதே அளவுதான், இன்ஜினே இல்லாவிட்டாலும் அதே அளவுதான். பாதி உடம்பு போனதும் மாட்டிக்கொண்டேன். பட்டறை ஆள் இருவர் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். வேட்டி உள்ளேயே தங்கிவிட்டது. பல்லிளிப்பு சிரிப்பை நிறுத்தியதை முதல் முறையாகப் பார்த்தேன்.

"சார், இத முன்னாடியே இறங்கிப் பாத்திருக்கலாமே" என்றார் பட்டறைக்காரர். நியாயமான கேள்வி. இரண்டு இன்ஜினைத் தூக்கி வெளியே போட்ட பிறகு ஒருவன் போய்த் தன் வயிற்றை அளந்து பார்க்கிறான். என்னைப் போல ஒரு மடையனை நீ வகுப்பில் பார்த்திருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பாய்.

முன்பே ஏன் பார்க்கவில்லை என்றால், அந்தப் பூட்டை நான் திறக்கவே இல்லை. கிரேன் வந்த அன்றுதான் திறந்தேன். அதுவும் சாவியைப் பட்டறைக்காரர் கையில் கொடுத்துவிட்டு நான் கரைக்குப் போய்விட்டேன்.

அன்று கடலில் நடந்ததை நீ ஏதோ வீரச்செயல் மாதிரி எழுதியிருந்தாய். உனக்கு அது வேலை. மூடிக்கு மேலே நின்றவன் நான். படகு புரண்டது, உள்ளே ஏதோ விழுந்தது, விளக்கு போய்விட்டது. நீ ஒரு முறை கத்தினாய், அப்புறம் சத்தமே இல்லை. சுக்கானை விட்டுவிட்டு இறங்கி வந்தேன். அந்த இடைவெளியில் தோள் வரைதான் போனது. இருட்டில் எதில் முட்டினேன் என்று தெரியவில்லை, இன்ஜின்தான் தடுக்கிறது என்று நினைத்துவிட்டேன். கையை நீட்டினால் உன் செருப்புகூட எட்டவில்லை. நீ உள்ளே செத்துக்கொண்டிருக்கிறாய், நான் இந்த வயிற்றை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறேன் என்று நினைத்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கத்தத்தான் முடிந்தது. நீ கையைச் சுட்டுக்கொண்டு ஏதோ வெளியே வந்தாய். ஒற்றை இன்ஜினில் கரைக்கு வந்து கட்டினேன். அதற்குப் பிறகு இன்று வரை கயிற்றை அவிழ்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உனக்கு வயதாகிவிட்டது என்றுதான் வந்தது.

நீ இல்லாத படகு எனக்கு எதற்கு? நீ உள்ளே மாட்டினால் நானும் உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் சின்ன இன்ஜின். வேறு ஒரு மண்ணும் இல்லை. இப்போது அதுவும் இல்லை. இன்ஜினும் இல்லை. நடுக்கூடத்தில் ஓட்டை இருக்கிறது, அதன் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். புதுசை வாங்குவதா, பழசையே இறக்குவதா என்று பட்டறைக்காரர் கேட்கிறார். மாதக் கடைசியில் கிரேன் போய்விடும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ சொல்.

*

மார்ச் 24

நீங்கள் இருக்கிறீர்களே, உங்களைத் திட்ட எனக்குத் தெரிந்த தமிழ் போதாது.

சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இன்ஜின்களையே திரும்ப இறக்குங்கள். அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மேலே நின்று வேகப்பிடியைத் தள்ளியவரிடம்தான். பல்லிளிப்பிடம் முன்பணம் கொடுத்திருந்தால் அது போனால் போகட்டும், இரண்டு நாள் கூடுதலாகச் சிரிக்கட்டும். ஆனால் நான் வரும்வரை ஒன்றையும் இறக்கக்கூடாது. இன்ஜின் வெளியே இருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும்: இடது இன்ஜினின் அந்தத் தண்ணீர்ப் பம்பைக் கழற்றி, முன்பக்கம் பெல்ட் போட்டு மாட்டுகிறேன். மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும். உங்கள் கைக்கும் எட்டும். இது உங்கள் முட்டாள்தனத்தால் கிடைத்த வாய்ப்பு என்று பாய்மரக்காரரிடம் போய்ப் பீற்றிக்கொள்ள வேண்டாம்.

அப்படியும் என்றைக்காவது ஒரு குழாய் ஒழுகும், ஒரு நட்டு கழலும். யாராவது அந்தச் சந்துக்குள் போகத்தான் வேண்டும். நான்தான் போவேன். தூணை நகர்த்த முடியாது. உங்கள் வயிற்றை நகர்த்தலாம், ஆனால் தீவுகளுக்குப் போக அவ்வளவு காலம் நம்மிடம் இல்லை. பூட்டைக் கடலில் எறியுங்கள்.

அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருந்தவளைக் கேட்காமல் நீங்களாகவே எல்லாவற்றையும் முடிவு செய்துகொள்வீர்கள், எப்போதும் போல.

விளக்கு போனதும் எனக்குத் தலை எங்கே, கால் எங்கே என்று தெரியவில்லை. கருவிப்பெட்டி காலின் மேல் கிடந்தது. ஒரே அனல், மூச்சு முட்டியது. சரி, போதும் என்று கண்ணை மூடிவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, என் தங்கையிடம்கூட. அப்போதுதான் நீங்கள் ஆரம்பித்தீர்கள். "அறிவு கெட்டவளே, வெளிய வாடி" என்றீர்கள். "இதத்தான் உனக்கு அந்த இன்ஸ்டிட்யூட்ல சொல்லிக்குடுத்தாங்களா" என்றீர்கள். என் அப்பாவை இழுத்தீர்கள். கல்யாணத்தில் அவர் உங்களுக்குப் போட்ட கைக்கடிகாரம் ஒரு மாதம்கூட ஓடவில்லை என்றீர்கள். சாகப் போகிறவளிடம் சொல்கிற பேச்சா அது? எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை உதைத்துத் தள்ளினேன். எந்தப் பக்கமிருந்து திட்டு வருகிறதோ அந்தப் பக்கம்தான் வழி என்று தவழ்ந்தேன். வெளியே வந்து உங்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

வந்து பார்த்தால் உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "பொகைல கண்ணு எரியுது" என்றீர்கள். சரி, பாவம் என்று கேட்காமல் விட்டேன். ஆயுள் முழுக்க இன்ஜினோடு கிடந்தவள், அன்று அங்கே புகையே இல்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது.

இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பலகை செங்குத்தாக நிற்கிறது என்றீர்கள், கீழே வந்து கையைப் பிடியுங்கள். இனி நான் உள்ளே போகும்போது நீங்கள் மூடிக்குப் பக்கத்திலேயே நின்று திட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் வெளியே வரும்வரை வாயை மூடக்கூடாது.